எண்ணிக் கொடுத்தவள்

காரைக்கால்
27.5.2003

எழில்,

மூன்று முறை போன் செய்திருக்கிறாய். மூன்று முறையும் ஜஹானாரா அக்காதான் எடுத்தாள். குளிக்கிறேன், தொழுகிறேன், கடைக்குப் போயிருக்கிறேன். எல்லாம் நான் சொல்லிக்கொடுத்தது. மூன்றாவது முறை அக்கா ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, "பாவம்டி, அழுவுறா" என்றாள்.

உன் குரலைக் கேட்க என்னால் முடியாது. ஆறு மாதம் அந்தக் குரல் சொன்னதையெல்லாம் நம்பியிருக்கிறேன். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் எழுது.

நடந்ததை எனக்காக ஒருமுறை வரிசையாக வைத்துப் பார்க்கிறேன்.

நவம்பர். டோல்கேட், டயர் கடை மாடி. வரதன் மாஸ்டர் பெண்களுக்குத் தனியாகக் காலை உடற்பயிற்சி வகுப்பு ஆரம்பித்தார். ஜன்னல் கண்ணாடியில் பழைய காலண்டர் தாள் ஒட்டியிருந்தது. ஜோடியாக வந்தால்தான் சேர்ப்பார்கள் என்று நீதான் என்னை இழுத்துப் போனாய். எட்டு இடம். ஒவ்வொரு இடத்திலும் நாற்பது வினாடி உயிர் போகிற வேலை, இருபது வினாடி மூச்சு. விசில். ஒருத்தி செய்வாள், அவள் ஜோடி பக்கத்தில் நின்று சத்தமாக எண்ணுவாள். சனிக்கிழமை மட்டும் வேறு. மூன்று நிமிடம், நிறுத்தாமல், பர்ப்பி. விழு, மார்பு தரையில் படவேண்டும், எழு, குதி. எத்தனை என்று ஜோடி அட்டையில் எழுதுவாள். அட்டை நிரம்பியதும் அடியில் அவள் கையெழுத்து.

"மூச்சு வாங்க சொல்லோ மூள டபாய்க்கும். பக்கத்துல நிக்கிறவ டபாய்க்க மாட்டா." மாஸ்டர் முதல் நாளே சொன்னது.

மே பத்தாம் தேதி என் அட்டையில் 43.

மே பதினெட்டாம் தேதி, அண்ணா நகர் ஜிம்மில், பெண் பயிற்சியாளர்களுக்கான தேர்வில், எண்ணுவதற்கென்றே நிறுத்தியிருந்த பெண் என்னைப் பார்த்துச் சொன்ன எண் 26.

வேண்டியது நாற்பது.

எட்டு நாளில் பதினேழு குறையாது. எனக்குக் காய்ச்சல் இல்லை. காலில் அடி இல்லை. நன்றாகத் தூங்கியிருந்தேன்.

தேர்வு நடத்திய வரலட்சுமி மேடம் அட்டையைப் பார்த்தார். அடியில் நீ இன்னும் கையெழுத்துப் போட்டிருக்கவில்லை. என்னைப் பார்த்தார். "இதை எண்ணினது யாரு?" நீ நான்கடி தள்ளி நின்றிருந்தாய். குனிந்து ஷூ லேஸைக் கட்டினாய். அது ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது. நான் காத்திருந்தேன். நீ நிமிரவில்லை. "நானே போட்டுக்கிட்டேன் மேடம்" என்றேன். இருபது பெண்கள். யாரோ சிரித்தார்கள். அட்டையின் குறுக்கே ஒரு கோடு கிழித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

அதற்கடுத்து நீ. 51.

ஒரே கேள்விதான். மே பத்தாம் தேதி நான் உண்மையில் எத்தனை செய்தேன்?

உஸ்மா


திருவொற்றியூர்
1.6.2003

உஸ்மா,

முதலில் அன்புள்ள என்று எழுதி அடித்துவிட்டேன். அதற்கும் நீ ஏதாவது சொல்வாய். ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். இரண்டு வரிக்கு ஒருத்தர் ரேஷன் கார்டை நீட்டுகிறார். எழுத்து கோணலாகப் போனால் கோபம் என்று நினைக்காதே.

மே பத்தாம் தேதி நீ செய்தது இருபத்தைந்து இருக்கும். இருபத்தாறாகவும் இருக்கலாம். சரியாகத் தெரியாது. கடைசி மாதங்களில் நான் உன்னை எண்ணவே இல்லை. போன சனிக்கிழமை சொன்னதற்கு மேல் ஒன்றோ இரண்டோ வருகிற மாதிரி, விசிலுக்குத் தகுந்தபடி, வாயில் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

எப்போது ஆரம்பித்தது என்று சொல்கிறேன். ஜனவரியில், போகிப் புகை அடங்காத அந்த வாரம். உனக்கு வீசிங் வந்தது. பத்தொன்பதோடு நின்றுவிட்டாய். பக்கத்தில் அஜீசுன்னிசா, மூணு பிள்ளை பெற்றவள், முப்பத்து மூன்று போட்டுவிட்டு, "இன்னாமே, படிச்ச புள்ள இப்டி குந்திக்கின" என்று சிரித்தாள். அவள் சும்மாதான் சொன்னாள். நீ மாடிப்படியில் வந்து உட்கார்ந்தாய். "எனக்கு இது ஆவாதுடி. நாளைலேர்ந்து வரல" என்றாய். உன் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. எம்.ஏ. ரிசல்ட் வந்த அன்று உன் முகம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதற்கு நேர் எதிர்.

அடுத்த சனிக்கிழமை நீ இருபது செய்தாய். நான் இருபத்து நாலு என்றேன். முதலில் பாதி இறங்கியதையும் சேர்த்துக்கொண்டேன், அவ்வளவுதான். நீ அட்டையை வாங்கிப் பார்த்தாய். டீக்கடையில் இரண்டு பன் தின்றாய். வீடு வரைக்கும் பேசிக்கொண்டே வந்தாய். லாரி வரிசையில் மாட்டி அரை மணி நேரம் நடந்தும் உனக்கு மூச்சு வாங்கவில்லை. நாலு எண்ணுக்கு இவ்வளவு ஆகுமா என்றுதான் நினைத்தேன். பாவமாக இருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

லேஸைப் பற்றி இப்போது எழுத வரவில்லை.

இன்னொன்று. கேட்கவே கூசுகிறது, ஆனாலும் கேட்கிறேன். நான் வேலையில் சேர வேண்டிய நாள் ஜூன் 23. என் அட்டையையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். மார்ச் கடைசியிலிருந்து மே பத்து வரை எட்டு சனிக்கிழமை. எண்கள் எல்லாம் உன் கையெழுத்தில் இருக்கின்றன. அடியில் எண்ணியவர் பெயர், விலாசம், கையெழுத்து மட்டும் இல்லை. இத்துடன் வைத்திருக்கிறேன். தேர்வு முடிந்து போட்டுத் தருகிறேன் என்று நீ சொல்லியிருந்தாய்.

உன் கோபத்தை அட்டையில் காட்டாதே.

எழில்


காரைக்கால்
6.6.2003

எழில்,

அட்டை வந்தது. கையெழுத்துப் போடவில்லை. கிழிக்கவும் இல்லை. அக்காவின் அலமாரியில் இருக்கிறது.

பாவம் என்று எழுதியிருக்கிறாய். அந்தச் சொல்லை இரண்டு நாள் வைத்துப் பார்த்தேன். ஜனவரிக்குப் பொருந்துகிறது. பிப்ரவரிக்கும் பொருந்தலாம்.

மே பத்தாம் தேதிக்குப் பொருந்தவில்லை.

அன்று வகுப்பு முடிந்ததும் பள்ளிக்கூடம் கொடுத்த தாளை உன்னிடம் காட்டினேன். அடுத்த வருடமும் வேலையில் தொடர்கிறேன் என்று எழுதி, திங்கட்கிழமைக்குள் தர வேண்டிய தாள். தராவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள். என் கை ஈரமாக இருந்ததால் நீதான் அதைப் பிடித்திருந்தாய். நான் கேட்டது உனக்கு நினைவிருக்கும். நாற்பது வருமா? உறுதியாக வருமா? வராவிட்டால் நான் பள்ளிக்கூடத்தை விடக்கூடாது. இதைவிடத் தெளிவாக ஒருத்தி கேட்க முடியாது.

நீ சொன்னது: "நாப்பத்தி மூணு போட்டவ நாப்பதுக்கு பயப்புடுவாளா? கிழிச்சி போட்டுட்டு வா."

கிழித்தேன்.

பாவம் பார்க்கிறவள் அந்த இடத்தில் வாயைத் திறந்திருப்பாள். இருபத்தைந்து என்று சொல்லியிருப்பாள். நான் அழுதிருப்பேன், திட்டியிருப்பேன், திங்கட்கிழமை தாளைக் கொடுத்திருப்பேன். எனக்கு ஒரு வகுப்பறை மிஞ்சியிருக்கும். இங்கே அக்கா பிள்ளைகளுக்குத் தலை வாரி விட்டுக்கொண்டிருக்கிறேன். மாமா ஒன்றும் கேட்பதில்லை. இன்னும் எத்தனை நாள் என்று அவர் கேட்காமல் இருக்கும் விதம் எனக்குத் தெரிகிறது.

இன்னொரு காரணம் இருக்கிறது. அதை எழுது. அதற்குப் பிறகு அட்டையைப் பற்றிப் பேசலாம்.

உஸ்மா


திருவொற்றியூர்
11.6.2003

உஸ்மா,

உன்னிடம் பொய் சொல்வது சுலபம், பொய் சொல்லி முடித்தபிறகுதான் கஷ்டம்.

லூர்துவை ஞாபகம் இருக்கிறதா? காசிமேட்டிலிருந்து வருவாள், ஒல்லியாக. டிசம்பரில் அவள் ஜோடி கல்யாணம் ஆகிப் போய்விட்டாள். மறுநாள் மாஸ்டர் லூர்துவை வாசலிலேயே நிறுத்தினார். "ஜோடி இல்லியா? ஆள இட்டுகினு வா. இல்லாங்காட்டி வூட்லயே குந்து." மூன்று நாள் அவள் படியில் நின்று உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலாம் நாள் வரவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

மாடிப்படியில் நீ இனி வரமாட்டேன் என்றபோது எனக்கு முதலில் தெரிந்தது உன் முகம் இல்லை. படியில் நின்ற லூர்து. நீ நின்றால் நானும் நிற்க வேண்டியதுதான்.

எனக்கு அந்த ஒரு மணி நேரம் வேண்டியிருந்தது. உனக்குக் கல்லூரி இருந்தது, பிறகு பள்ளிக்கூடம் இருந்தது. எனக்குக் காலை ஒன்பதிலிருந்து இரவு வரை இந்த மெஷின் சூடு. விசில் அடித்ததும் என் உடம்பு எனக்குத் தெரியாத ஒன்றைச் செய்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். வேறு ஜோடி கிடைத்திருந்தாலும் எனக்கு வேண்டாம். மற்றவர்கள் எண்ணும்போது பேசுவார்கள், புடவை பார்ப்பார்கள், விட்ட இடத்திலிருந்து குத்துமதிப்பாகத் தொடருவார்கள். நீ குனிந்து தரையைப் பார்ப்பாய். "படல. எண்ண மாட்டேன்." எத்தனை முறை சொல்லியிருப்பாய். அப்போது உன்னை அறையத் தோன்றும். ஆனால் அடுத்ததில் மார்பு தரையில் படும். என்னுடைய 51 உன்னால் வந்தது. உன்னை வைத்துக்கொள்ளத்தான் உனக்கு எண்களைக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

மே பத்தாம் தேதி. அன்று காலைதான் மாஸ்டர் சொன்னார், அண்ணா நகருக்கு அனுப்பினால் ஜோடியாகத்தான் அனுப்புவேன், ஒத்தை ஆளை அனுப்பி எனக்குப் பேர் கெட வேண்டாம் என்று. நீ அப்போது முகம் கழுவிக்கொண்டிருந்தாய், கேட்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்து நீ தாளை நீட்டினாய். உண்மையைச் சொன்னால் உனக்குப் பள்ளிக்கூடம், எனக்கு ஜெராக்ஸ் கடை. அதை நான் யோசித்தேன். தெரியாமல் சொன்னேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. யோசித்துத்தான் சொன்னேன். அந்த இடத்தில், அத்தனை பேர் பார்க்க, வெறியில் நீ எப்படியும் நாற்பது போட்டுவிடுவாய் என்றும் நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்தது எனக்கு வசதியாக இருந்தது.

லேஸ். மேடம் கேட்டபோது நான் இன்னும் செய்யவில்லை, அடுத்து என் முறை. நான்தான் எண்ணினேன் என்றால் என்னைக் கூப்பிட்டே இருக்க மாட்டார்கள். நீ என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் குனிந்தேன்.

எழுதிவிட்டேன். அம்மா இந்த வாரம் ஏரியா முழுக்க, "எம் பொண்ணு டீச்சராவப் போறா, ஒடம்புக்கு டீச்சர்" என்று சொல்லிக்கொண்டு திரிகிறது. இதை எழுதி உன்னை இளக்கப் பார்க்கிறேன் என்று நீ நினைப்பாய். அதுவும் உண்மைதான்.

அட்டை?

எழில்


காரைக்கால்
15.6.2003

எழில்,

எட்டு எண்களையும் பார்த்தேன். 44, 45, 45, 47, 46, 48, 49, 50. எல்லாம் சரி. ஒன்றையும் கூட்டவில்லை. ஒன்றையும் குறைக்கவில்லை. மே முதல் சனிக்கிழமை குறைக்கப் பார்த்தேன். அன்று வகுப்பே உனக்குக் கை தட்டியது. 49 என்பதை 47 என்று எழுதப் பேனா போனது. எழுதவில்லை. இதை உன்னிடம் பெருமையாகச் சொல்லவில்லை. அந்த இரண்டைத் திருடியிருந்தால் இன்று உன் கடிதத்தை வேறு மாதிரி படித்திருப்பேன்.

கையெழுத்துப் போட்டிருக்கிறேன். முழுப்பெயர், தண்டையார்பேட்டை வீட்டு விலாசம். நீ செய்ததை நீ செய்யவில்லை என்று சொல்ல எனக்குத் தெரியாது.

இப்போது நன்றாகக் கவனி.

அந்தக் கூடத்தில் இருபது பேர் முன்னால், தன் அட்டையில் தானே எண்ணைப் போட்டுக்கொண்டவள் என்று பெயர் வாங்கியவள் நான். உன் அட்டையின் அடியில் இருப்பது அவளுடைய கையெழுத்து. வரலட்சுமி மேடம் ஒரு மாதத்தில் என் பெயரை மறந்திருக்க மாட்டார். அன்று வந்தவர்களில் வேறு உஸ்மா இல்லை. கேட்பார். இந்தப் பெண்ணா உன்னை எண்ணியது, இவளை எப்படி நம்புவது என்று கேட்பார்.

அதற்கு ஒரு பதில்தான் இருக்கிறது. அவள் அட்டையை எண்ணியது நான், பொய் என்னுடையது, அவள் எண்ணியது சரி.

அதைச் சொன்னால் என் கையெழுத்து செல்லும். சொல்லாவிட்டால் செல்லாது. இது நான் போட்ட திட்டமில்லை. நீ குனிந்த அன்றே இப்படி ஆகிவிட்டது. மேசையில் அட்டையை வைத்துப் பேனாவைத் திறந்த பிறகுதான் எனக்கே புரிந்தது.

வேலை எனக்கு வேண்டாம். என்னால் முடிந்தது இருபத்தாறு. அந்த எண்ணோடு எனக்குச் சண்டை இல்லை, இப்போது அது ஒன்றுதான் என்னுடையது. பள்ளிக்கூடத்தில் வேறு ஆள் வந்துவிட்டாள், அதையும் நீ திருப்பித் தர முடியாது. அந்தக் கூடத்தில் மட்டும் என் பெயர் மாட்டிக்கொண்டிருக்கிறது. நான் போய் எடுக்க முடியாது. நீ 23ஆம் தேதி அங்கே போகிறாய்.

உனக்கு வேலை போகலாம். போகாமலும் இருக்கலாம். எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி உன்னிடம் சொல்ல மாட்டேன்.

உஸ்மா


திருவொற்றியூர்
26.6.2003

உஸ்மா,

இந்த உறைக்குள் உன் கையெழுத்துப் போட்ட அட்டை இருக்கும். எடுத்துவிட்டுப் படி. என்ன நடந்திருக்கும் என்று உனக்கு இதற்குள் தெரிந்திருக்கும். ஆனாலும் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை உன் கடிதம் வந்தது. சனிக்கிழமையே அண்ணா நகர் போனேன். திங்கட்கிழமை வரை தாங்காது, முன்கூட்டியே சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்றுதான். பஸ்ஸில் நீ எழுதிக்கொடுத்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தபடியே போனேன். பக்கத்தில் இருந்த கிழவர் மனக்கோளாறு என்று நினைத்து இடம் மாறி உட்கார்ந்தார். கண்ணாடிக் கதவு வரைக்கும் போனேன். உள்ளே மேடம் யாருக்கோ சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். வெளியில் நின்றவளைப் பார்த்து, என்ன என்பது போலத் தலையை ஆட்டினார். நான் ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினேன். எதிர்ப்பக்கம் போய் பஸ் ஏறிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கடையில் கெட்டித் தாளில் புது அட்டை எடுத்தேன். எட்டு எண்ணையும் நானே எழுதினேன். ஒரே பேனாவில் எழுதினால் தெரியும் என்று மூன்று பேனா. புதுசாகத் தெரியாமல் இருக்க டீயில் நனைத்த துணியால் துடைத்தேன். பிறகு ஞானம் அக்கா வீட்டுக்குப் போனேன். மருத்துவமனையில் ஆயாவாக இருக்கிறதே, நம் வகுப்பில் கடைசி வரிசையில் நிற்கும், அதுதான். மீன் கழுவிக்கொண்டிருந்தது. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தது. "எங்க போடணும், காட்டு."

"இன்னான்னு படிக்கலியாக்கா?"

"நீ இன்னா, என்னண்ட பொய்யா எழுதிகினு வரப்போற?"

போட்டுவிட்டது. ஞா மட்டும் பெரிதாக, மற்றதெல்லாம் சின்னதாக. குழம்பு வைக்கிறேன், இருந்து சாப்பிட்டுப் போ என்றது. சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை சேர்ந்தேன். மேடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். என் கையிலிருந்து அட்டையை வாங்கினார். மடிப்பைப் பிரிக்கவில்லை. ஃபைலைத் திறந்து செருகினார். ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு, "ஷூ சைஸ் என்ன?" என்று கேட்டார். ஃபைலில் எனக்கு முன்னால் சேர்ந்த பெண்ணின் அட்டை மேலாக இருந்தது. அதன் அடியில் கையெழுத்தே இல்லை. வெறும் கோடு.

அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே ஆறு என்று சொன்னேன்.

உன் அட்டையைக் கொடுத்திருந்தால் அதுவும் அப்படியே உள்ளே போயிருக்கும். அவர் உன் பெயரைப் படித்திருக்கவே மாட்டார். நான் ஒரு வார்த்தை பேச வேண்டியிருந்திருக்காது. எழில்மொழியை எண்ணியவள் உஸ்மா என்று அந்த ஃபைலில் சும்மா இருந்திருக்கும், யாரும் பார்க்காமல். அது கூட இல்லாமல் செய்துவிட்டேன்.

உன் அட்டையைக் கிழிக்க முடியவில்லை. என்னிடம் வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. அதனால்தான் அனுப்புகிறேன்.

காலையில் ஆறரை மணி வகுப்பு எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். பதினாலு பெண்கள். இன்றோடு நாலு நாள் ஆகிறது. நாளைக்கும் போவேன்.

எழில்மொழி